அமெரிக்கன் காரில் ஏறாதவள்

ஒஹாயோ
3 ஒக்டோபர் 2024

அன்புள்ள அம்மா,

நான் சுகம். கொஞ்சம் சளி, அதுவும் இறங்கிவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி? பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, இல்லை வேலை அவசரத்தில் மறந்துவிடுகிறீர்களா?

இந்தக் காலத்தில் கடதாசியில் கடிதமா என்று யோசிப்பீர்கள். போனில் என் வாய் பிரெஞ்சில் ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் பன்னிரண்டு வருடம் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டீர்களே, அந்தத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்து அனுப்புங்கள்.

ஏப்ரலில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் கலைவிழா. இந்த வருடத்துக் கேள்வி: அமெரிக்கர் என்றால் யார்? கட்டுரை எழுதித் தப்ப முடியாது. மேடையில் ஏறி, நடித்தோ ஆடியோ பாடியோ காட்ட வேண்டும். பேராசிரியை ரூத் எங்களை வட்டமாக இருத்தி, "அமெரிக்காவை முதன்முதலில் எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டார். ஒருவன் தன் பூட்டன் வந்திறங்கிய துறைமுகத்தைச் சொன்னான். மரிசோல் என்ற பெட்டை, தகப்பன் நடந்து கடந்த எல்லையைச் சொன்னாள். நான் பிரெஞ்சுப் பாஸ்போட்காரி, இங்கே வந்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "பாரிஸில், லா சப்பலில், பன்னிரண்டு வயதில். வெள்ளை நிறத்தில் ஒரு நீட்டு அமெரிக்கன் கார். நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மாமா வாடகைக்குப் பிடித்தது."

எல்லோரும் சிரித்தார்கள். ரூத் சிரிக்கவில்லை. "அதையே செய்" என்றார்.

அம்மா, அந்த வீடியோ டிவிடி அலுமாரிக்குள் இருக்கும். அனுப்பிவிடுங்கள். வேறென்ன, குளிர் தொடங்குகிறது. தொப்பி போடாமல் வேலைக்குப் போக வேண்டாம்.

உங்கள் மகள்
கஜந்தினி


பாரிஸ்
22 ஒக்டோபர் 2024

என் செல்ல மகளுக்கு,

பிள்ளையாரின் புண்ணியத்தில் நான் எழும்பி நடக்கிறேன். முழங்கால் தன் பாட்டில் கத்துகிறது, நான் என் பாட்டில் நடக்கிறேன். உன் சளிக்கு மல்லி அவித்துக் குடி. சுழிக்கப் பிழை ஒன்றும் இல்லை. பேனையைத் தேடி எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன்.

டிவிடியைப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. எங்கே நேரம்? நாய்க்கு வேலையுமில்லை, இருக்க நேரமுமில்லை என்ற மாதிரித்தான் என் பாடு. காலையில் RER ரயில் பிடித்தால் லா கூர்னெவ் பலகாரக் கடை, குசினிக்குள் போனால் எண்ணெய்ச் சட்டி. சனி, ஞாயிறு மண்டபக்காரர் போடுகிற கொமாண்ட். யாருக்காவது சாமத்தியவீடு, யாருக்காவது கலியாணம், எல்லாருக்கும் பலகாரம்.

அந்தக் கார்! ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவுக்குள் அதைத் திருப்ப முடியாமல், மூக்கு நகைக்கடை வாசலிலும் வால் மரக்கறிக் கடை வாசலிலுமாகக் குறுக்கே நின்றது உனக்கு ஞாபகமோ? பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். உதயன் மாமா பட்டு வேட்டியோடு இறங்கிப் பொலிஸ்காரன் மாதிரிக் கை காட்டுகிறார். முருங்கைக்காய் வாங்க வந்த சனம் முழுக்க அங்கேதான். ஆரோ ஒரு குறும்பன் கத்தினானாம், "அண்ணை, கப்பலை ஏன் ஒழுங்கைக்குள்ளை கொண்டந்தனீங்கள்?" நீ உள்ளே ராணி மாதிரி இருந்தாய் என்று சனம் சொன்னது.

இதையெல்லாம் போய் அமெரிக்கக்காரருக்குக் காட்டப் போகிறாயோ? எங்கள் விசர்களை நாங்களே கொண்டுபோய்க் காட்ட வேணுமோ? உன் இஷ்டம். படிப்பு என்றால் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
கோசலை


ஒஹாயோ
14 நவம்பர் 2024

அன்புள்ள அம்மா,

மல்லித் தண்ணீர் வேலை செய்தது, சளி ஓடிவிட்டது. நீங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

டிவிடி வந்தது. நாலு மணித்தியாலம் பத்து நிமிடம், ஒரே இருப்பில் பார்த்தேன். முதலில் சிரித்தேன். புகை இயந்திரம், பல்லக்கு, மண்டப வாசலில் சோளப்பொரி வண்டில்! அப்போதே இங்கே அமெரிக்காவில் உள்ளவை எல்லாம் பாரிஸுக்கு வந்துவிட்டிருந்தன. தில்லை மாமி கனடாவிலிருந்து கொண்டுவந்த சீலையோடு என்னைச் சுற்றிச் சுற்றி நடக்கிறா. மாமி தண்ணி வார்க்கிறா, மாமி முன்னுக்கு நின்று ஆராத்தி எடுக்கிறா. மாமியும் மாமாவும் மச்சான்மாரும் காருக்குள்ளே என்னோடு இருக்கிறார்கள்.

அம்மா, நீங்கள் ஒரு இடத்திலும் இல்லை.

நான் நம்பவில்லை. திருப்பிப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் குசினிக் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஒரு கை பலகாரத் தட்டை வெளியே நீட்டுகிறது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. அது உங்கள் கை. தட்டை ஆரோ வாங்க, கை உள்ளே போய்விடுகிறது. அவ்வளவுதான். "சனம் சொன்னது" என்று நீங்கள் எழுதினது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் காரில் இருக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு வயது, தலையில் கிரீடம். அம்மா எங்கே என்று ஒருக்கால்கூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா இறந்து ஐந்து வருடம் அப்போது. அதனால்தானே?

இப்போது என் திட்டத்தைக் கேளுங்கள். மேடையில் கதிரைகளை அடுக்கி அந்தக் காரைச் செய்கிறேன். பின்னால் வீடியோ ஓடும். உங்கள் கை வரும் இடத்தில் படத்தை நிறுத்துவேன். அப்போது நீங்கள் மேடைக்கு வந்து எனக்கு ஆராத்தி எடுக்கிறீர்கள். அதுதான் முடிவு. மரிசோல் தகப்பனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் ஒரு விருந்தாளிக்குப் பல்கலைக்கழகமே டிக்கெட் போடும். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. இங்கே எல்லாரும் முன்னுக்கு வந்து நின்று "இது நான்" என்கிறார்கள். நீங்களும் ஒருக்கால் வந்து நில்லுங்கள்.

வருவீர்கள்தானே?

கஜந்தினி


பாரிஸ்
8 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

இங்கே மழையும் குளிரும். எனக்கு ஒன்றும் குறைவில்லை. நீ நல்ல சப்பாத்து வாங்கினாயோ?

உன் கடிதத்தைக் கண்டு சந்தோசம். ஆனால் பிள்ளை, ஏப்ரல் சரிவராது. சித்திரை வருடப் பிறப்புக் கொமாண்ட். என்னை விட்டால் அரியதரத்துக்குப் பதம் பார்க்க அங்கே ஆளில்லை. பிளேனில் எட்டு மணித்தியாலம் இந்த முழங்காலை மடக்கி இருக்க ஏலுமோ? எனக்கு இங்கிலிசும் தெரியாது. பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து வைத்திருக்கிறேன்தான். எடுத்த நாளிலிருந்து அது துணிகளுக்குக் கீழே கிடக்கிறது.

சாமத்தியவீட்டில் என்னை ஒருத்தரும் தள்ளவில்லை. அதை மட்டும் மனதில் வையாதே. நானாகத்தான் உள்ளுக்கு நின்றேன். நல்ல காரியத்தில் சுமங்கலிகள்தான் முன்னுக்கு நிற்க வேணும். இது நான் போட்ட சட்டமில்லை. உன்னைச் சுற்றி எடுத்த அத்தனை பலகாரமும் என் கையால் சுட்டது. எனக்கு அது போதும். நீ ஏன் பழசைக் கிண்டுகிறாய்?

ஆராத்தி எடுக்க வேறு ஆளைப் பார். உன் ஆசிரியைக்குப் புருசன் இருக்கிறாரோ? இருந்தால் அவவே எடுக்கலாம்.

நீ போன பிறகு உன் அறைக் கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். திறந்தால் வெளிச்சம் கூடிப் போகிறது. வேலையால் வந்தால் டிவியைப் போட்டுவிடுவேன், பார்க்கிறதில்லை. ஆரோ கதைக்கிற சத்தம் இருந்தால் சோறு இறங்கும். இதை நினைத்து நீ கவலைப்படாதே. சும்மா எழுதினேன்.

பயற்றம் பணியாரம் அனுப்பியிருக்கிறேன். கூட்டாளிகளுக்கும் கொடு.

அம்மா


ஒஹாயோ
3 ஜனவரி 2025

அம்மா,

புது வருட வாழ்த்து. நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்.

நத்தார் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று மாடிக் கட்டடத்தில் நான் ஒருத்தி. சாப்பாட்டு மண்டபமும் பூட்டு. வெளியே முழங்கால் அளவு பனி. மூன்று நாள் உங்கள் பணியாரத்தைத்தான் சாப்பிட்டேன். கூட்டாளிகளுக்குக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். முழங்கால், அரியதரம், இங்கிலிசு. அம்மா, காரணம் இவை ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். காரணம் என் டிவோர்ஸ்.

மதுஷனை விட்டு நான் வந்த நாளிலிருந்து நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாடு போட்டீர்கள், உடுப்புத் தோய்த்தீர்கள். ஆனால் காலையில் நான் எழும்ப முதலே வேலைக்குப் போய்விடுவீர்கள். நான் இங்கே வெளிக்கிட்ட அன்று விமான நிலையத்தில் தூணுக்குப் பின்னால் நின்றீர்கள். நான் உள்ளே போகும்வரை கிட்ட வரவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் உங்கள் கைப்பை மட்டும் தெரிந்தது. வாழாவெட்டி மகளோடு நிற்க வெட்கம். அப்படித்தானே?

அப்படியென்றால் அப்படி என்று எழுதுங்கள். நான் தாங்குவேன். இல்லையென்றால் வாருங்கள். பெப்ரவரி 10க்குள் விருந்தாளியின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

கஜந்தினி


பாரிஸ்
19 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் உதயன் அண்ணையும் பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

கஜந்தினியின் பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் 11 விழா. பிள்ளைக்கு மேடையில் ஆராத்தி எடுக்க வேணுமாம். என்னை எடுக்கட்டாம். மச்சாள், அது நடக்கக் கூடாது. கலியாணத்தன்று நடந்ததை இதுவரை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மணவறைக்குப் போக முதல், அவளின் தலைப்பூ கழன்று தொங்கினது. அலங்காரம் செய்தவள் வெளியே போய்விட்டாள். அறையில் வேறு ஆளில்லை. நான் ஓடிப்போய் ஊசி குத்திவிட்டேன். முகத்தைத் தூக்கிப் பார்த்து, "வடிவாய் இருக்கிறாயடி" என்றும் சொன்னேன். முழுவியளமாக அவள் கண்டது என் முகம். வெளிக்கிடும்போது எந்த முகத்தில் முழிக்கிறோமோ அந்தப் பலன்தான் என்று எங்களுக்குத் தெரியாததோ? ஒரு வருடம் தாங்கவில்லை அந்த வாழ்க்கை.

அன்றிலிருந்து அவள் நல்லதுக்கு வெளிக்கிடும்போது நான் முன்னால் போவதில்லை. பிளேன் ஏறின அன்றுகூடத் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன். இப்போதுதான் ஒரு படிப்பு, ஒரு மேடை என்று நிமிருகிறாள். நீங்கள் நிறைஞ்ச சுமங்கலி. அவளின் அப்பாவின் கூடப்பிறந்தவள். முன்பு எடுத்ததும் நீங்கள்தான். காரில் போகக்கூடிய தூரம் என்று சொல்லுகிறார்கள். எனக்காகப் போய் எடுத்துவிடுங்கோ. பூ விசயத்தை அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மச்சாள்
கோசலை


பாரிஸ்
4 பெப்ரவரி 2025

கஜந்தினிக்கு,

உன்னைப் பற்றி எனக்கு வெட்கமோ? வாயைக் கழுவு. இனி ஒருக்கால் அப்படி எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்.

ஆராத்திக்கு ஒழுங்கு செய்துவிட்டேன். நேரத்துக்கு வந்து சேரும். பல்கலைக்கழகம் டிக்கெட் போட வேண்டாம். நீ ஒன்றுக்கும் யோசியாதே, படிப்பைப் பார். நத்தாருக்கு நீ தனியே கிடந்ததை முதலே சொல்லியிருக்கலாம்.

என்ன நிறச் சீலை உடுக்கப் போகிறாய்?

அம்மா


ஒஹாயோ
22 பெப்ரவரி 2025

என் அம்மா, அம்மா, அம்மா!

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நீங்கள் வருகிறீர்கள்! கடிதத்தை வாசித்துவிட்டு மரிசோலைத் தூக்கிச் சுற்றினேன். வெட்கமா என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வாயைக் கழுவிவிட்டேன்.

சிவப்புச் சீலை. நீங்கள் அந்த மாம்பழக் கரைச் சீலையைக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு என் கட்டில், எனக்குக் கீழே மெத்தை. சோறு அவிக்கிற பானை வாங்கியாயிற்று. குளிருக்கு உங்கள் அளவில் ஊதாக் கோட் ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. வாழைப்பழத் துண்டில் திரி குத்திப் பழகிவிட்டேன். ரூத் நெருப்புக்கு அனுமதியும் எடுத்துத் தந்துவிட்டார்.

எந்தப் பிளேன், எத்தனை மணி என்று வாட்ஸப்பில் கேட்டால் கைகூப்புகிற படத்தை மட்டும் அனுப்புகிறீர்கள்! சரி, ஆரோ கூட்டிவருகிறார்கள் போல. மண்டபத்துக்கு நேரே வந்தாலும் காரியமில்லை, வாசலில் நிற்பேன்.

முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கஜந்தினி


ரொறன்ரோ
15 ஏப்ரல் 2025

கோசலை,

நாங்கள் சுகமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். இவ்வளவு தூரம் கார் ஓடி உதயனுக்கு நாரிப்பிடி. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது கோபம் விடுகுதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பிள்ளைக்கு நீ சொல்லவே இல்லையோ? என்னை ஒரு வார்த்தை எச்சரித்திருக்கக் கூடாதோ?

நாங்கள் போய் மண்டப வாசலில் காரை நிற்பாட்ட, பெட்டை சிவப்புச் சீலையோடு படியால் ஓடி வருகிறாள். கையில் ஊதா நிறக் கோட். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு முன் சீற்றைப் பார்த்தாள். பின் கதவைத் திறந்து பார்த்தாள். "அம்மா எங்கை மாமி?" என்றாள். நான் கையிலிருந்த ஆராத்தித் தட்டைக் காட்டி, "அம்மா என்னைத்தான் அனுப்பினவ, பிள்ளை" என்றேன். அவள் சுற்றி வந்து டிக்கியைத் திறந்து பார்த்தாள், கோசலை. டிக்கிக்குள் உன்னைத் தேடினாள். பகிடிக்கு என்று நினைத்து உதயன் சிரிக்க வெளிக்கிட்டார். நான் கையைப் பிடித்து அமத்தினேன்.

மேடையில் பிள்ளைகள் ஒவ்வொன்றும் தங்கள் கதையைச் செய்தன. ஒரு பெட்டையின் தகப்பன் வேலைச் சப்பாத்தோடு வந்து மேடையைக் கூட்டினார். சனம் அழுதது. பிறகு எங்கடை பிள்ளை. கதிரையால் கார் செய்திருந்தாள். அந்தக் கப்பல் பகிடிக்கு மண்டபமே சிரித்தது. பிறகு படத்தை நிறுத்தினாள். திரை முழுக்க உன் கை. நான் தட்டோடு போனேன். அவள் சனத்தைப் பார்த்து இங்கிலிசில் ஏதோ சொன்னாள். உதயன் பிறகு விளங்கப்படுத்தினார்: "இந்த இடத்தில் என் அம்மா வர வேண்டும். அன்றும் மாமியைத்தான் அனுப்பினா. இன்றும் மாமியைத்தான் அனுப்பியிருக்கிறா." என் தட்டில் திரி ஒன்று அணைந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எடுங்கோ மாமி, உங்களிலை கோவமில்லை" என்றாள். எடுத்தேன். கை தட்டினார்கள். என் வாழ்நாளில் இப்படி ஒரு ஆராத்தி எடுக்கவில்லை.

இன்னொன்று. நீயாகத்தான் குசினிக்குள் நின்றாய் என்று பிள்ளைக்கு எழுதியிருக்கிறாய். அவள் சொன்னாள். அது பொய். "கோசலை, நீ உள்ளுக்கு நில், சனம் கதைக்கும்" என்று சொன்னது நான். நீ ஒரு சொல் எதிர்த்துச் சொல்லாமல் போனாய். என்னைக் காப்பாற்ற மகளுக்குப் பொய் எழுத வேண்டாம். அவளுக்கு நானே சொல்லிவிட்டேன்.

அவளுக்கு எழுது.

தில்லைநாயகி


பாரிஸ்
27 ஏப்ரல் 2025

என் குஞ்சுக்கு,

சுகமோ என்று கேட்க எனக்கு முகம் இல்லை. போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எனக்கு வெட்கமில்லை, பயம். கலியாணத்தன்று உன் தலைப்பூவை நான் குத்திவிட்டேன். நீ மணவறைக்குப் போக முதல் முழித்தது என் முகத்தில். அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் காலையில் உன் கண்ணில் படாமல் போனேன், தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். உன்னைக் கட்டிப்பிடிக்க வேணும் போல் இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியை அனுப்பினால் குறையில்லாமல் நடக்கும் என்று நினைத்தேன். உன் பெப்ரவரிக் கடிதம் வந்தது. நான் வரவில்லை என்று எழுத மூன்று தரம் இருந்தேன். உன் சந்தோசத்தைக் கெடுக்கக் கை வரவில்லை. பெரிய பிழை விட்டுவிட்டேன் பிள்ளை.

நீ டிக்கியைத் திறந்து பார்த்தாய் என்று மாமி எழுதினா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை.

அம்மா


ஒஹாயோ
24 மே 2025

அம்மா,

நான் சுகம். பரீட்சை முடிந்தது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். வேறு சாட்டுச் சொல்ல விருப்பமில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுஷன் என்னை அடித்தான். கலியாணமாகி மூன்றாம் மாதம் தொடங்கினது. உங்களுக்குச் சொல்லவில்லை, தாங்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். "ஒத்துவரேல்லை" என்று மட்டும் சொன்னேன். நானும் உங்கள் மகள்தானே, மறைக்கத் தெரியும். அம்மா, அந்த வாழ்க்கை முறிந்தது உங்கள் கை பட்டதால் இல்லை. அவன் கை பட்டதால்.

அந்த நாள் முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே நல்ல விசயம் நீங்கள் பூக் குத்தினதுதான். "வடிவாய் இருக்கிறாயடி" என்றீர்கள். பிறகு ஆரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

விழாவில் எல்லாரும் தாங்கள் எப்படி அமெரிக்கர் ஆனோம் என்று காட்டினார்கள். என்னுடையதுதான் நன்றாக இருந்தது என்றார்கள். அடுத்த வருடமும் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அம்மா வராத கதையை இன்னொரு தரம் ஏன் ஆட வேண்டும்?

இனி உங்களைக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துவிட்டேன். கோட் அந்தக் கொழுவியிலேயே தொங்குகிறது. கடைக்குத் திருப்பிக் கொடுக்கிற நாளும் போய்விட்டது.

கஜந்தினி


பாரிஸ்
9 ஜூன் 2025

என் மகள் கஜந்தினிக்கு,

சுகத்தை நேரே வந்து கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் குசினியில் வைத்து வாசித்தேன். அவன் உன்னை அடித்தான் என்ற இடத்தில் எழும்பி அடுப்பை அணைத்தேன். எண்ணெய் ஆறும் மட்டும் திருப்பித் திருப்பி வாசித்தேன். நான் என் முகத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு ஒளிந்து திரிந்த நேரம், நீ அடி வாங்கின முகத்தோடு பக்கத்து அறையில் படுத்திருக்கிறாய். ஒருக்கால் நிமிர்ந்து உன்னைப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அதுதான் நான் செய்த பாவம். பூக் குத்தினது இல்லை.

முதலாளி டெனிஸ்டனிடம் லீவு கேட்டேன். "அக்கா, பதினாறு வருசத்திலை நீங்கள் லீவு எண்டு வாய் திறக்கேல்லையே, ஆருக்கும் ஏதாவதோ?" என்று பயந்துவிட்டான். "என்ரை பிள்ளையைப் பாக்கப் போறன்" என்றேன். ஜூலை 3ஆம் திகதி பின்னேரம் பிளேன் வந்திறங்கும். டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறேன். கைகூப்புகிற படம் இல்லை, வடிவாகப் பார்.

நேற்று லா சப்பலில் சுஜானியின் கடைக்குப் போனேன். ஆராத்தித் தட்டு கேட்டேன். பதினாறு வருடமாக எத்தனையோ மண்டபத்துக்குத் தட்டு நிரப்பியிருக்கிறேன், எனக்கென்று ஒன்று வாங்கினதில்லை. அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஆர் அக்கா எடுக்கிறது?" என்றாள். "நான்தான்" என்றேன். கடைக்குள் நின்ற ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது.

எனக்கு மண்டபம் வேண்டாம், சனமும் வேண்டாம். உன் அறையே போதும். வாழைப்பழம் மட்டும் வாங்கி வை, திரி நான் கொண்டுவருகிறேன். அந்தக் கோட்டைக் கொழுவியால் எடுத்துவிடாதே. கோடை வெயில் என்றாலும் ஒருக்கால் போட்டுப் பார்க்க வேணும்.

விமான நிலையத்தில் தூண் எங்கே இருக்கிறது என்று தேடாதே. நேரே பார்த்துக்கொண்டு நில். முதல் வருகிற முகம் என்னுடையதாகத்தான் இருக்கும். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். பயந்துகொண்டுதான் வருகிறேன்.

உன் அம்மா
கோசலை